பட்டத்தை யார் கொடுத்தார்கள்? பிளேஆஃபுக்கு முந்தைய அமெரிக்கப் பள்ளிக் கால்பந்தின் சாம்பியன்கள்

1. கேள்வி

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கான மாநிலக் கூடைப்பந்துப் போட்டி 1908-இல் தொடங்கியது. கால்பந்துக்கு அதே மாநிலத்தில் பிளேஆஃப் சுற்று 1974-இல்தான் வந்தது. இடையில் 66 ஆண்டுகள். அத்தனை காலமும் கால்பந்து ஓரத்தில் கிடந்த ஆட்டமல்ல. ஊர்களைத் திரட்டியதும், நாளிதழ்களின் வாரக்கடைசிப் பக்கங்களை நிரப்பியதும் அதுதான். (இங்கே கால்பந்து என்று குறிப்பிடுவது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தை.) இறுதி ஆட்டம் என்று ஒன்று இல்லாத காலத்திலும் சாம்பியன்கள் இருந்தார்கள். மாநில சாம்பியன், ஏன், தேசிய சாம்பியன் என்றுகூடப் பள்ளிகள் தம்மை அறிவித்துக்கொண்டன. ஊர் அதைக் கொண்டாடியது, பத்திரிகை அச்சிட்டது, பிற்காலப் பட்டியல்கள் பதிவு செய்தன.

இந்தப் பட்டங்களைப் பற்றிப் பொதுவாக இரண்டு பார்வைகள் உண்டு. அதிகாரப்பூர்வமான அமைப்பு எதுவும் வழங்காததால் இவை ஊர்ப்பெருமையின் கதைகள் மட்டுமே என்பது ஒன்று. அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை, எனவே பிளேஆஃப் பட்டங்களோடு இவற்றையும் சேர்த்தே எண்ணலாம் என்பது மற்றொன்று. முதல் பார்வை இந்தப் பட்டங்களால் நிகழ்ந்த உண்மையான விளைவுகளைக் காணத் தவறுகிறது. இரண்டாவது, வெவ்வேறு வழிகளில் கிடைத்தவற்றை ஒரே கணக்கில் போட்டுவிடுகிறது. அதிகாரப்பூர்வமற்ற பட்டம் என்பது ஒரே வகைப் பொருள் அல்ல. களம், வாக்கு, சூத்திரம், பின்னோக்கிய பட்டியல் என நான்கு வேறுபட்ட அதிகாரங்களிலிருந்து அது பிறந்தது. ஒவ்வொன்றும் வேறொன்றை அளந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. பிளேஆஃப் ஏன் இல்லை?

முதல் காரணம் ஆட்டத்தின் உடல்கூறு. கூடைப்பந்து அணி ஒரு வாரக்கடைசியில் மூன்று நான்கு ஆட்டங்கள் ஆட முடியும். மோதலையே அடிப்படையாகக் கொண்ட கால்பந்தில் வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான் ஆட இயலும். எட்டு அணிகளுக்கு நாக் அவுட் வைத்தாலே மூன்று வாரம் வேண்டும். பருவம் செப்டம்பரில் தொடங்கி நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் நாளோடு முடியும். அதற்குப் பின் வட மாநிலங்களில் பனி. மாநில முழுமைக்குமான சுற்றை எங்கே செருகுவது என்பது வெறும் நிர்வாகச் சிக்கல் அல்ல, நாட்காட்டியின் சிக்கல்.

இரண்டாவது காரணம் பள்ளி நிர்வாகங்களின் அச்சம். 1920-இல் இல்லினாய், இண்டியானா, அயோவா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய ஐந்து மாநிலங்களின் சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. இன்றைய தேசியக் கூட்டமைப்பின் வித்து அதுவே. கல்லூரிகளும் மன்றங்களும் பள்ளிக்கு வெளியிலிருந்து பள்ளி மாணவர்களை வைத்துப் போட்டி நடத்துவதைக் கட்டுப்படுத்துவது அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் நடத்திவந்த தேசியப் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டி 1930-ஓடு நின்றது. படிப்பு கெடும், பணம் புகும், சிறுவர்கள் காட்சிப்பொருளாவார்கள் என்ற கவலை நியாயமானது. ஆனால் அதன் பக்கவிளைவைக் கவனிக்க வேண்டும். யார் சாம்பியன் என்று சொல்லும் தகுதி படைத்த அமைப்பு சொல்ல மறுத்தது. சொல்லும் வேலையைப் பிறர் எடுத்துக்கொண்டார்கள்.

டெக்சஸ் இதற்கு விதிவிலக்கு. அங்கே பல்கலைக்கழகம் சார்ந்த பள்ளிகள் கழகம் 1920 பருவத்திலேயே மாநிலப் பட்டத்துக்கான ஆட்டத்தை ஏற்பாடு செய்தது. 1921 ஜனவரியில் ஆஸ்டினில் ஹூஸ்டன் ஹைட்ஸ் அணியும் கிளீபர்ன் அணியும் மோதின. முடிவு 0–0. இரண்டு அணிகளும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. அதிகாரப்பூர்வம் வந்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை முதல் ஆட்டத்திலேயே ஆட்டம் கண்டது.

3. களத்தின் அதிகாரம்: சவால் ஆட்டங்கள்

மிகப் பழைய வழி, வேறு வட்டாரத்துப் பெரிய பள்ளியை அழைத்து மோதுவது. 1902 டிசம்பரில் சிகாகோவின் ஹைட் பார்க் பள்ளி, நியூயார்க்கிலிருந்து வந்த புரூக்ளின் பாலிடெக்னிக் அணியை 105–0 என்று நொறுக்கியது. கிழக்குக்கும் மேற்குக்கும் நடந்த பலப்பரீட்சையாகவே அது பேசப்பட்டது. ஹைட் பார்க்கின் குவாட்டர்பேக் வால்டர் எக்கர்சால் பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர வீரராகி, அதற்குப் பின் ‘சிகாகோ டிரிபியூன்’ நாளிதழின் விளையாட்டு எழுத்தாளரானார். களத்தில் பட்டம் வென்றவரே பட்டங்களைப் பற்றி எழுதும் இடத்துக்கு வந்தார் என்பது இந்த உலகம் எவ்வளவு சிறியது என்பதைக் காட்டுகிறது.

105–0 எதை நிரூபித்தது? ஹைட் பார்க் அந்த ஒரு புரூக்ளின் அணியைவிட மிகப் பலமானது என்பதை. வந்த அணி கிழக்கின் தலைசிறந்த அணிதானா என்பதை நிரூபிக்கவில்லை. சவால் ஆட்டத்தின் அடிப்படைக் குறை இதுதான்: எதிராளியைத் தேர்ந்தெடுத்தது பருவத்தின் முடிவுகள் அல்ல, அழைப்புக் கடிதம்.

பாஸ்டனுக்கு அருகிலுள்ள எவரெட் பள்ளியும் சிகாகோவுக்கு அருகிலுள்ள ஓக் பார்க் பள்ளியும் மோதிய வரலாறு இதைத் தெளிவாக்கும். 1912-இல் ராபர்ட் ஸப்கி பயிற்றுவித்த ஓக் பார்க் 32–14 என்று வென்றது. 1914-இல் கிளியோ ஓடானல் பயிற்றுவித்த எவரெட், பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் அதே ஓக் பார்க்கை 80–0 என்று வீழ்த்தியது. அந்தப் பருவத்தில் எவரெட் 13 ஆட்டங்களில் 600 புள்ளிகள் எடுத்தது. எதிராளிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. 1912-இல் ஆடிய பையன்களில் பலர் இரண்டு ஆண்டுகளில் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். மாறிமாறி வந்த இந்த முடிவுகள் இரண்டு அணிகளின் வலிமையைவிட இரண்டு பெயர்களின் மதிப்பையே நிர்ணயித்தன. 600–0 என்ற எண் மட்டும் எந்த எதிராளியின் உதவியும் இல்லாமல் இன்றும் நிற்கிறது.

எதிராளி எவ்வளவு தொலைவிலிருந்து வருவார் என்பதைப் பணமும் ரயிலும் தீர்மானித்தன. மாசசூசெட்ஸின் எவரெட்டோடு குழம்பக்கூடாத வேறோர் எவரெட் பசிபிக் கடலோர வாஷிங்டன் மாநிலத்தில் உண்டு. இனாக் பேக்ஷா பயிற்றுவித்த அந்தப் பள்ளி 1920 புத்தாண்டு நாளில் ஒஹாயோவின் டொலீடோ ஸ்காட் அணியோடு 7–7 என்று சமன் செய்தது. 1921 புத்தாண்டு நாளில் கிளீவ்லாந்தின் ஈஸ்ட் டெக் அணியை 16–7 என்று வென்றது. இரண்டு முறையும் எதிராளிதான் கண்டத்தின் பெரும்பகுதியைக் கடந்து வந்தார். மரம் அறுக்கும் ஆலைகளின் ஊர் ஒன்று, வாசல் வசூலை நம்பி இத்தகைய அழைப்பை விடுக்க முடிந்தது. முடியாத ஊர்களில் எத்தனை நல்ல அணிகள் இருந்திருந்தாலும் அவை இந்தக் கணக்கில் இல்லை.

களத்தின் அதிகாரம் உச்சத்தைத் தொட்டது 1937 நவம்பர் 27 அன்று, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில். அரசுப் பள்ளிகள் லீகின் சாம்பியனான ஆஸ்டின் பள்ளி, கத்தோலிக்க லீகின் சாம்பியனான லியோ பள்ளியை 26–0 என்று வென்றது. பில் டிகோர்வான்ட் என்ற ஆஸ்டின் வீரரைப் பார்க்கவே கூட்டம் திரண்டது. 1,20,000 பேர் என்பது அன்றைய மதிப்பீடு. வசூல் ஏழைகளுக்கான நகர மேயரின் கிறிஸ்துமஸ் நிதிக்குப் போனது. இது ஒரு நகரத்தின் பட்டத்துக்கான ஆட்டம் மட்டுமே. ஆனால் இரண்டு லீகுகளும் தத்தம் சாம்பியனைக் களத்தில் தேர்ந்தெடுத்து அனுப்பியதால், கண்டம் கடந்த பல சவால் ஆட்டங்களைவிட இதன் தர்க்கம் உறுதியானது. சிறிய எல்லைக்குள் கேட்ட கேள்விக்குத்தான் தெளிவான விடை கிடைத்தது.

4. வாக்கின் அதிகாரம்: நிருபர்களின் வாக்கெடுப்பு

1939 கிறிஸ்துமஸ் நாளில் மயாமியில் நியூ ஜெர்சியின் கார்ஃபீல்ட் பள்ளி, மயாமி பள்ளியை 16–13 என்று வென்றது. தேசியப் பட்டத்துக்கான ஆட்டமாகவே அது விளம்பரப்படுத்தப்பட்டது. அதே 1939-ஐ ஒஹாயோவின் மாசிலன் பள்ளியும் தன் தேசியப் பட்டங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதவில்லை. கார்ஃபீல்டின் கையில் ஒரு வெற்றி இருக்கிறது, மாசிலனின் பக்கம் ஒரு மதிப்பீடு இருக்கிறது. எதை ஏற்பது என்று கேட்பதைவிட, மதிப்பீடு வெற்றிக்கு இணையான செல்வாக்கை எப்படிப் பெற்றது என்று கேட்பது பயன் தரும்.

மாசிலன் எஃகு ஆலைகளின் சிற்றூர். 1932 முதல் 1940 வரை பால் பிரவுன் அங்கே பயிற்சியாளராக இருந்தார். 1935 முதல் 1940 வரை தொடர்ந்து ஆறு மாநிலப் பட்டங்கள் அவர் பெயரில் உள்ளன. 1940 அணி 477 புள்ளிகள் எடுத்து 6 புள்ளிகள் மட்டுமே கொடுத்தது. அந்த 6-ஐயும் எடுத்தது 1894 முதல் அவர்கள் மோதிவரும் பக்கத்து ஊர்ப் பரம வைரி கான்டன் மெக்கின்லி. இந்த ஆறு பட்டங்களில் ஒன்றுகூட இறுதி ஆட்டம் என்று பெயரிடப்பட்ட ஆட்டத்தில் வென்றதல்ல. பருவம் முடிந்ததும் நிருபர்களிடையே உருவான ஒருமித்த கருத்தே பட்டம்.

1947-இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் ஒஹாயோவில் வாக்கெடுப்பைத் தொடங்கியபோது அந்தக் கருத்துக்கு ஒரு நடைமுறை கிடைத்தது. முதல் ஆண்டு பார்பர்டன் முதலிடம் பெற்றது. 1948 முதல் 1953 வரை சக் மேதரின் பயிற்சியில் மாசிலன். ஆட்டங்களைப் பற்றி எழுதும் செய்தியாளர்களும் ஒலிபரப்பாளர்களும் வாக்களித்தார்கள். வெளிப்படையான பட்டியல், வாரவாரம் மாறும் இடங்கள், எண்ணக்கூடிய வாக்குகள் என்ற அளவில் இது முன்னேற்றம்தான்.

வாக்கெடுப்பின் பலவீனமும் அதன் அமைப்பிலேயே இருந்தது. ஒஹாயோ போன்ற பெரிய மாநிலத்தில் எந்த நிருபரும் எல்லா அணிகளையும் பார்க்க முடியாது. பார்க்காத அணியை மதிப்பிட அவரிடம் இருப்பது ஸ்கோர், எதிராளியின் பெயர், சென்ற ஆண்டின் நினைவு. சென்ற ஆண்டு முதலிடத்தில் இருந்த பள்ளி இந்த ஆண்டும் தோல்வி காணும்வரை மேலேயே நிற்பது இயல்பு. இதனால் மாசிலனின் திறமை குறைந்துவிடாது. ஆனால் தொடர்ந்து ஆறு பட்டங்கள் என்ற சாதனையில் ஆட்டத்தின் பங்கு எவ்வளவு, பெயரின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

5. சூத்திரத்தின் அதிகாரம்: பேராசிரியர்களின் கணக்கு

நிருபரின் சாய்வுக்கு மாற்றாக வந்தது கணிதம். இல்லினாய் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் ஃபிராங்க் டிக்கின்சன் 1920-களில் கல்லூரி அணிகளுக்காக வகுத்த முறை பள்ளி ஆட்டத்திலும் பல இடங்களில் தழுவப்பட்டது. வெற்றிகள் தோல்விகளைவிட அதிகமுள்ள அணி முதல் பிரிவு. மற்றவை இரண்டாம் பிரிவு. முதல் பிரிவு அணியை வென்றால் 30 புள்ளி, இரண்டாம் பிரிவு அணியை வென்றால் 20. முதல் பிரிவிடம் தோற்றால் 15, இரண்டாம் பிரிவிடம் தோற்றால் 10. மொத்தத்தை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எட்டு ஆட்டங்கள் ஆடி எட்டையும் இரண்டாம் பிரிவு அணிகளுக்கு எதிராக வென்ற பள்ளிக்குக் கிடைப்பது 160, சராசரி 20. ஐந்தே ஆட்டங்கள் ஆடி, முதல் பிரிவு அணிகள் மூன்றை வென்று (90), ஒன்றிடம் தோற்று (15), இரண்டாம் பிரிவு அணி ஒன்றையும் வென்ற (20) பள்ளிக்குக் கிடைப்பது 125, சராசரி 25. தோல்வியே காணாத பள்ளி கீழே, ஒரு முறை தோற்ற பள்ளி மேலே. இது அநீதி அல்ல. எதிராளியின் தரத்துக்கு மதிப்பளிப்பதுதான் இந்த முறையின் நோக்கம். ஆனால் எதிராளியைத் தேர்வு செய்யும் சுதந்திரம் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே அளவில் இருக்கவில்லை. லீக் அட்டவணைக்குள் அடைபட்ட சிற்றூர்ப் பள்ளி, ஆடும் முன்பே 30 புள்ளிகளின் வாய்ப்பை இழந்திருந்தது.

டென்னசி மாநிலத்தில் வேதிப்பொறியியல் பேராசிரியர் எட்வர்ட் லிட்கென்ஹவுஸின் தரவரிசை 1930-களின் இறுதியிலிருந்து, 1969-இல் பிளேஆஃப் தொடங்கும்வரை மாநில சாம்பியனைச் சுட்டும் அளவுகோலாக விளங்கியது. அவர் ஸ்கோரின் வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்தார். 7–0 வெற்றியும் 40–0 வெற்றியும் ஒன்றல்ல என்பது அறிவுக்குப் பொருத்தமானதே. ஆனால் ஏற்கெனவே வென்றுவிட்ட ஆட்டத்தில் தளர்ந்துபோன எதிராளிமேல் மேலும் புள்ளி குவிக்க அது பயிற்சியாளருக்குக் காரணம் தந்தது. எந்தச் சூத்திரமும் ஆட்டத்தை வெளியே நின்று அளப்பதோடு நிற்பதில்லை. அளவுகோல் தெரிந்தவுடன் ஆட்டம் அதற்கேற்ப வளைகிறது.

6. பட்டியலின் அதிகாரம்: பின்னோக்கிய பட்டங்களும் விடுபட்டவர்களும்

நான்காவது அதிகாரம் காலத்தால் பிந்தியது. மினசோட்டாவைச் சேர்ந்த பயிற்சியாளரும் நடுவருமான ஆர்ட் ஜோல்ஃப்ஸ் 1927 முதலே சொந்த முயற்சியில் தேசிய சாம்பியன்களைத் தேர்ந்தெடுத்துவந்தார். 1959-இல் பிற செய்தியாளர்களின் துணையோடு தேசிய விளையாட்டுச் செய்திச் சேவை என்ற பெயரில் அதை விரிவாக்கினார். 1910 வரை பின்னோக்கிச் சென்றும் சாம்பியன்களை அறிவித்தார். ஆடி முடித்து அரை நூற்றாண்டு ஆன ஒரு பருவத்துக்கு அப்போது சாம்பியன் கிடைத்தார். 1982-இல் ‘யூஎஸ்ஏ டுடே’ தன் தேசியத் தரவரிசையைத் தொடங்கும்வரை ஜோல்ஃப்ஸின் பட்டியலே பரவலாகச் சுட்டப்பட்டது. பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்போ தேசியப் பட்டம் எதையும் அன்றும் அங்கீகரிக்கவில்லை, இன்றும் அங்கீகரிப்பதில்லை.

பின்னோக்கிய தேர்வின் மூலப்பொருள் பழைய நாளிதழ்கள். அச்சில் ஏறியவர்கள்தான் பட்டியலில் ஏற முடியும். டெக்சஸில் கறுப்பினப் பள்ளிகள் 1960-களின் நடுப்பகுதி வரை மாநிலக் கழகத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. பிரெய்ரி வியூ பள்ளிகள் கழகம் என்ற தனி அமைப்பில் அவை 1940 முதல் தம் கால்பந்துச் சாம்பியன்களைத் தேர்ந்தெடுத்தன. பிற்காலத்தில் தொழில்முறை ஆட்டத்தின் பெருவீரர்களான ஜோ கிரீனும் பப்பா ஸ்மித்தும் அங்கிருந்து வந்தவர்கள். அந்த ஆண்டுகளின் வெள்ளையர் பட்டம் மாநிலப் பட்டம் என்று அழைக்கப்பட்டது. அது மாநிலத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமே திறந்திருந்த பட்டம். அதாவது, அதிகாரப்பூர்வப் பிளேஆஃப் இருந்த மாநிலத்திலேயே மெய்யான மாநில சாம்பியன் யார் என்ற கேள்வி பல பத்தாண்டுகள் திறந்தே கிடந்தது. சிகாகோவின் கத்தோலிக்கப் பள்ளிகள் இல்லினாய் மாநிலச் சங்கத்தில் சேர்ந்தது 1974-இல். அதற்கு முன் அவற்றைத் தவிர்த்துச் சொன்ன எந்த மாநிலப் பட்டமும் அரைகுறையே.

7. பட்டத்தை நம்பியவர்கள்

இப்படியெல்லாம் குறை சொன்ன பின் இந்தப் பட்டங்கள் வெறுங்கதை என்று முடித்துவிடலாமா? முடியாது. அவற்றை நம்பிப் பணம் போட்டவர்கள் இருந்தார்கள். ஓக் பார்க்கின் ஸப்கி 1913-இல் நேரடியாக இல்லினாய் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார். எவரெட்டின் ஓடானல் 1916-இல் பர்டூ பல்கலைக்கழகத்துக்குப் போனார். மற்ற எவரெட்டின் பேக்ஷா 1921-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு. மாசிலனின் பிரவுன் 1941-இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு. அதே மாசிலனின் மேதர் 1954-இல் கேன்சஸுக்கு. பெரும் பல்கலைக்கழகங்கள் பள்ளிப் பயிற்சியாளரை எடுத்துக்கொண்டபோது அவர் கையில் இருந்த சான்று, எந்தச் சங்கமும் முத்திரை குத்தாத இந்தப் பட்டம்தான். பட்டத்தின் மெய்ம்மையை அதை வழங்கியவரின் தகுதியில் மட்டும் தேடாமல், அதை ஏற்றுச் செயல்பட்டவர்களின் முடிவுகளிலும் தேட வேண்டும்.

8. பிளேஆஃப் தீர்த்தது, தீர்க்காதது

1970-களில் நிலைமை சட்டென்று மாறியது. ஒஹாயோவிலும் மினசோட்டாவிலும் 1972, இண்டியானாவில் 1973, இல்லினாயில் 1974, மிச்சிகனில் 1975, விஸ்கான்சினில் 1976 எனப் பிளேஆஃப்கள் வரிசையாகத் தொடங்கின. பென்சில்வேனியா 1988 வரையும் நியூயார்க் 1993 வரையும் காத்திருந்தன.

ஒஹாயோவின் முதல் ஆண்டு ஏற்பாடு ஆராயத்தக்கது. மூன்று பிரிவுகள், பிரிவுக்கு நான்கே அணிகள். எந்த நான்கு என்பதைத் தீர்மானித்தது ஜாக் ஹார்பின் வகுத்த கணினிப் புள்ளிமுறை. தன் வெற்றிக்கு ஒரு புள்ளி வகை. தான் வீழ்த்திய அணிகள் பிறரை வென்றால் அதற்கும் ஒரு வகை. ஸ்கோர் வித்தியாசத்துக்கு மதிப்பில்லை. எனவே ஒரு பள்ளியின் ரசிகர்கள் தாம் தோற்கடித்த ஊர் அடுத்த வாரம் ஜெயிக்க வேண்டுமென்று விரும்ப நேர்ந்தது. டிக்கின்சனின் சூத்திரம் சாம்பியனைச் சொன்னது. ஹார்பினின் சூத்திரம் சாம்பியனாகப் போட்டியிடும் உரிமையைச் சொன்னது. கணக்கு ஒழியவில்லை, ஒரு படி கீழே இறங்கிக்கொண்டது. டெக்சஸிலும் பிளேஆஃப் ஆட்டம் சமனில் முடிந்தால், எதிராளியின் 20 கெஜக் கோட்டை எத்தனை முறை தாண்டினார்கள் என்று எண்ணி முன்னேறும் அணியைத் தேர்ந்தெடுத்த காலம் உண்டு. அதுவும் ஸ்கோருக்கு வெளியே நின்ற ஒரு சூத்திரமே.

மாசிலன் இந்த மாற்றத்தின் கூர்மையான உதாரணம். பிளேஆஃபுக்கு முன் 24 மாநிலப் பட்டங்களைத் தனதென்று சொல்லும் அந்தப் பள்ளி, பிளேஆஃப் வந்தபின் பலமுறை இறுதிவரை போய்த் தோற்றது. முதல் பிளேஆஃப் பட்டம் 2023-இல்தான் கிடைத்தது; ஏக்ரன் ஹோபன் பள்ளியை 7–2 என்று வென்றது. இறுதி ஆட்டம் நடந்த இடம் வைரி ஊரான கான்டன். இதைக் கொண்டு பழைய 24-உம் பொய் என்பது தவறு. வாக்கெடுப்பு ஒரு முழுப் பருவத்தின் மேலாதிக்கத்தை மதித்தது. நாக் அவுட் கடைசி சில வாரங்களில் தோற்காமல் இருப்பதை மதிக்கிறது. மேலும், பிளேஆஃப் பள்ளிகளை மாணவர் எண்ணிக்கைப்படி பிரிவுகளாக்கியது. வாக்கெடுப்புக் காலத்துச் சாம்பியன் மாநிலத்துக்கே ஒருவர் என்று கருதப்பட்டார். 2023-இன் பட்டம் இரண்டாம் பிரிவுக்கானது. இரண்டும் ஒரே அலகு அல்ல.

9. முடிவு

பழைய பட்டங்களை நீக்குவதும் சரியல்ல, புதியவற்றோடு அப்படியே கூட்டுவதும் சரியல்ல. ஒவ்வொரு பட்டத்தோடும் அது கிடைத்த வழியையும் எழுதிவைப்பதே வரலாற்றாசிரியரின் வேலை: களத்தில் வென்றது, வாக்கில் பெற்றது, சூத்திரம் தந்தது, பின்னாளில் பட்டியல் சூட்டியது. அப்படி எழுதினால் சில முரண்கள் தாமாகவே கரையும். 1939-இல் கார்ஃபீல்டும் மாசிலனும் சாம்பியன்கள் என்பது சச்சரவாகத் தோன்றாது. வெவ்வேறு கேள்விகளுக்கான இரண்டு விடைகளாகத் தெரியும். யார் கேட்கப்படவே இல்லை என்பதும் வெளிப்படும். 1940-களின் டெக்சஸ் பட்டத்துக்கு அருகில் ‘வெள்ளையர் பள்ளிகள் மட்டும்’ என்று எழுத வேண்டிவரும்.

அதிகாரப்பூர்வம் என்ற சொல்லுக்கு நாம் தரும் மரியாதையையும் இந்த வரலாறு மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. சங்கத்தின் முத்திரை ஒரு நடைமுறையை எல்லோருக்கும் பொதுவாக்குகிறது. அது பெரிய நன்மை. ஆனால் யார் உள்ளே வரலாம், எந்தச் சூத்திரம் வாசலில் நிற்கும், எத்தனை பிரிவுகள் என்பவை அப்போதும் மனிதர்கள் எடுக்கும் முடிவுகளே. பிளேஆஃபுக்கு முந்தைய காலத்தில் அந்த முடிவுகள் பத்திரிகைப் பக்கத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி சண்டையிட்டுக்கொண்டிருந்தன. இன்று அவை விதிப்புத்தகத்தில் இருப்பதால் சண்டை ஓய்ந்ததுபோல் தெரிகிறது.